வியாழக்கிழமைக் கூட்டாய்வு

போன மாதம், பணியில் இருக்கும் உதவிப் பொறியாளர்கள் சிலர் அடுத்தடுத்து என்னை அழைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே வேலை வந்திருக்கிறது. ஊருக்குள் மின்வாகன சார்ஜிங் நிலையத்துக்கு இடம் பார்க்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த வேலையை முதலில் செய்து பார்த்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஒருவர் ஒப்பந்தத்தின் மாதிரி கேட்டார், அனுப்பினேன். இன்னொருவர் கடற்கரை மண்ணில் எர்த் குழி எப்படிப் போடுவது என்று கேட்டார். காது சுடும்வரை பேசினேன். கடைசியாக அழைத்தவர் எல்லாச் சந்தேகமும் கேட்டு முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "சார், கம்பெனி ஆளுங்ககூட எவ்வளவு தூரம் பழகலாம்?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை. இந்த நேரத்தில் எங்கள் ஓய்வுபெற்ற பொறியாளர் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். அவருக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கமுதிக்குக் கிழக்கே ஒரு கிராமம். அய்யா மிளகாயும் பருத்தியும் போட்டார். மழை பெய்த வருடம் இரண்டும் விளையும். பெய்யாத வருடம் இரண்டும் காயும். எனக்கு அந்தச் சூதாட்டம் ஒத்துவரவில்லை. பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்துவிட்டு நகராட்சிப் பணிக்கு வந்தேன். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், பேருந்து நிலையத்து உயர்கோபுர விளக்கு, மின்மயானம் என்று பல ஊர் சுற்றி, கடைசி மாற்றலில் கடலோரத்துக்கு வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏர்வாடி தர்காவுக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டுப் போகும் ஊர்களில் ஒன்று.

கடலோரத்தில் மின்வேலை வேறு மாதிரி. கமுதிப் பக்கம் வருடக்கணக்கில் நிற்கும் விளக்குப் பெட்டி, இங்கே இரண்டாவது மழைக்குள் கீல் இற்றுத் தொங்கும். திருகாணியைத் திருப்பினால் தலை மட்டும் கையோடு வரும். மழையே இல்லாத நாளிலும் இரும்பைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். உப்பு மண் எர்த்துக்கு நல்லது என்று புத்தகம் சொல்லும். உண்மைதான். ஆனால் அதே உப்பு எர்த் கம்பியைத் தின்றுவிடும். மேலே பார்த்தால் கம்பி இருக்கும். தோண்டினால் பச்சைப் பொடிதான் இருக்கும்.

நான் அங்கே போவதற்கு முந்தைய வருடம் என் மனைவி இறந்துபோனாள். மகள் பெங்களூரில் வேலை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தேன். விடுமுறை நாட்களில் நீரேற்று நிலையத்துக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். வாட்ச்மேன் நாற்காலி போடுவார். எதற்கு வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு என் மேல் இரக்கம் என்று பின்னால்தான் புரிந்தது.

அப்போது ஆணையராக இருந்தவர் ஒரு பெண்மணி. வயதில் என்னைவிட மிகவும் இளையவர். அவரிடம் கோப்பு கொண்டுபோனால் வாங்கிப் படிக்கமாட்டார். எதிரே உட்காரச் சொல்லி, "படிங்க" என்பார். நாம் எழுதிய குறிப்பை நாமே வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் பென்சிலை மேசையில் படுக்க வைத்துவிட்டுக் கேட்பார். "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று வாசித்தால் பென்சில் எழுந்து நிற்கும். "யார் எடுப்பாங்க?" என்பார். "பழுது சரிசெய்யப்பட்டது" என்றால், "யார் சரி செஞ்சது?" வாசித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டார். அந்த மௌனத்தில் நம் குறிப்பில் இருக்கும் ஓட்டை நமக்கே தெரியும். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் பலருக்கு அவரிடம் போகப் பயம். எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. நான் எழுதியதை ஒருவர் முழுதாகக் கேட்கிறார் என்பது என் சர்வீஸில் புதிது.

சார்ஜிங் நிலையத்துக்கு முதல் தடவை டெண்டர் விட்டபோது ஒருவரும் வரவில்லை. ஊரில் மின்வாகனமே விரல் விட்டு எண்ணும் அளவுதான், யார் வருவார்கள்? பிறகு மகளிர் குழுவில் சிலருக்குக் கடனில் மின்சார ஆட்டோ கிடைத்தது. யாத்திரைக்கு வருகிறவர்களின் கார்களிலும் பச்சை நம்பர் பலகை தென்பட ஆரம்பித்தது. இரண்டாவது டெண்டருக்கு ஒரே ஒரு நிறுவனம் வந்தது. பேருந்து நிலையத்து ஓரம், யாத்திரிகர் கார் நிறுத்தம், கடற்கரைச் சாலை என்று இடங்களைக் கொடுத்தோம். இடம் நகராட்சியுடையது, கருவியும் பராமரிப்பும் அவர்களுடையது. ஒப்பந்தம் மேலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து எழுதியது. கருவி ஓடாமல் நின்றால் நிறுவனத்துக்கு அபராதம் என்ற விதி அந்த மாதிரியிலேயே இருந்தது. நான் சேர்த்தது ஒன்றுதான்: வாரம் ஒரு நாள் நகராட்சி ஆளும் நிறுவனத்து ஆளும் சேர்ந்து போய்ப் பார்த்து, ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆணையர் அந்த இடத்தில் நிறுத்தினார். ஏன் இரண்டு பேரும் சேர்ந்து என்று கேட்டார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு அறிக்கை வரும், இரண்டும் உண்மை மாதிரியே இருக்கும் என்றேன். சரி என்று தலையசைத்தார்.

அப்படித்தான் சிக்கந்தர் பாய் வந்தார். நிறுவனத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர். இந்த ஊர்க்காரர்தான். வளைகுடாவில் வெவ்வேறு கம்பெனிகளில் எலக்ட்ரீஷியனாக இருந்து, ஐம்பதை நெருங்கும்போது போதும் என்று திரும்பி வந்தவர். மெலிந்த ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டரும் மடித்த கைக்குட்டையும் இருக்கும்.

கூட்டாய்வுக்கு வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். திங்கள் எனக்குக் குறைதீர் கூட்டம். வெள்ளி அவருக்கு ஜும்மா. வியாழன் மாலையில் ஏர்வாடிக்கு வண்டிகள் அதிகம் போகும் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. வேலையின் ஒழுங்கு மாறாது. முதலில் வண்டியில் செருகும் பிடியைப் பார்ப்போம். அதை எல்லாரும் 'கன்' என்பார்கள். அதன் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, ஒயரின் தோல் வெடித்திருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் பெட்டியைத் திறப்போம். உள்ளே ஒரு பிரேக்கர் உண்டு. மின்சாரம் போகக்கூடாத வழியில் கசிந்தால், ஆளுக்கு ஆபத்து வருவதற்குள் இணைப்பை வெட்டிவிடுவது அதன் வேலை. அதில் சோதனைக்கென்று ஒரு பொத்தான் இருக்கும். நான் அழுத்துவேன், டப்பென்று விழ வேண்டும். விழுந்தால் சிக்கந்தர் பாய் மறுபடி தூக்கிவிடுவார். கடைசியில் எர்த் மீட்டர் வைத்துப் பார்ப்போம். நான் அளவைச் சொல்ல அவர் எழுதுவார். பிறகு இரண்டு கையெழுத்து.

பிறகு டீ. முதல் சில வாரம் அவரவர் டீயை அவரவர் குடித்துவிட்டுப் போனோம். ஒரு நாள், கல்ப் வேலையை விட்டது நல்லதாகப் போயிற்றா என்று பேச்சுக்குக் கேட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

"வீட்ல எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாக சார். ஆனா நா இல்லாமயே எல்லாத்தையும் பழகிட்டாக. கேஸ் தீந்தா யாரக் கூப்புடணும், புள்ளைக்குக் காய்ச்சல்னா எங்க போகணும்னு எல்லாம் அவகளுக்குத் தெரியும். நா போயி நின்னா, நீங்க உக்காருங்கம்பாக. விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கேன்."

நான் என் வீட்டைப் பற்றி அவரிடம் அப்போதும் அதிகம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வியாழன் முதல் எங்கள் டீ நேரம் நீண்டுவிட்டது. அவர் பாலைவனத்தில் கேபிள் இழுத்த கதை சொல்வார். நான் கரிசல் மண்ணில் கம்பம் நடும்போது மழை வந்தால் என்ன ஆகும் என்று சொல்வேன். நோன்பு மாதத்தில் டீ இல்லை; அவர் குடிக்காதபோது நான் மட்டும் குடிக்க மனம் வரவில்லை. சும்மா படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மாலையில் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் என் மாடிக்குக் கொடுத்தனுப்புவார். அந்த மாடிக்கு யாராவது எதையாவது கொடுத்தனுப்பியது அது ஒன்றுதான்.

அவர் நிறுவனத்து ஆள், நான் நகராட்சி ஆள் என்பதை இருவரும் மறக்கவில்லை. கருவி நின்றால் நோட்டீஸ் எழுதுவேன். அவரும் பதில் எழுதுவார். இரண்டும் கடுமையாகத்தான் இருக்கும். வியாழக்கிழமை சந்திக்கும்போது அதைப் பற்றிப் பேசிக்கொள்ளமாட்டோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பெட்டிகளுக்குள் ஈரம் இறங்கி, பிரேக்கர் அடிக்கடி விழ ஆரம்பித்தது. விழுந்தால் சார்ஜ் நின்றுவிடும். ஆட்டோப் பெண்கள் பாதி சார்ஜோடு காத்து நிற்பார்கள். அவர்களில் மாரியம்மாள் என்பவர்தான் எல்லாருக்கும் முன்னால் நின்று பேசுவார். பள்ளிக்கூடச் சவாரி போய்விட்டது, மீன் ஏற்றும் சவாரி போய்விட்டது என்று அலுவலக வாசலுக்கே வந்தார். நகர்மன்றக் கூட்டத்திலும் பேச்சு எழுந்தது. நிறுவனத்துக்கு அபராத நோட்டீஸ் அடுத்தடுத்துப் போனது. எல்லாம் நான் எழுதியவை.

அதற்குள் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுந்துவிட்டது. என்னைத் தண்ணீர் இறைக்கும் வேலைக்குப் போட்டார்கள். கூட்டாய்வு நின்றது. சிக்கந்தர் பாயிடம் போனில் மட்டும் கேட்டுக்கொள்வேன். "எல்லாம் ஓடுது சார்" என்பார். ஓடத்தான் செய்தது. மழை வலுத்த வாரத்தில் ஒரு புகாரும் வரவில்லை. மன்றத்தில்கூட, இப்போது நன்றாக நடக்கிறது என்று ஒரு உறுப்பினர் பாராட்டினாராம். எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு, இடுப்பளவு தண்ணீரில் நின்று மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஏன் விழவில்லை என்ற எண்ணம் வந்தது. மழை கூடியிருக்கிறது, பிரேக்கர் விழுவது கூடத்தானே வேண்டும்?

மறுநாள் காலை மாரியம்மாள் வந்தார். அன்று சண்டைக்கு வரவில்லை. வலது உள்ளங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், கடக்கரை ரோட்டுல சார்ஜுல போட்டுட்டு வண்டியத் தொட்டேன். சுருக்குன்னு புடிச்சு இழுத்துருச்சு. தோளு வரைக்கும் மரத்துப்போச்சு. செருப்பு போட்டிருந்தேன், அதனால தப்பிச்சேன். எம்புள்ள பின்னாடிதான் உக்காந்திருந்தா. அவ எறங்கித் தொட்டிருந்தா என்னாகும்?"

அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, முதலில் கம்பத்தில் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். பிறகு சிக்கந்தர் பாயை அழைத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. சாவி அவர் கையில் இருந்தது. ஆனால் திறக்கவில்லை.

"தொறக்கணுமா சார்?" என்றார்.

"தொறங்க பாய்."

திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். பிரேக்கரின் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்குத் தனி ஒயர் போட்டிருந்தது. பிரேக்கர் இருந்தும் இல்லாத மாதிரிதான். மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஒயரை ஒழுங்காக வளைத்து, முனைக்கு லக் என்கிற செம்புக் காதை அடித்து, திருகாணியை இறுக்கி, அழகாகச் செய்திருந்தது. யார் கை என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. இருந்தும் கேட்டேன்.

"எங்கைதான் சார்."

"யார் சொன்னது?"

"மண்டல மேனேஜரு போன்ல சொன்னாரு. மழை முடியிற வரைக்கும் நேரா குடுத்துருங்க, அபராதம் தாங்க முடியலன்னாரு. மாட்டேன்னேன். அப்ப அந்த ஊரு ஸ்டேஷன மூடிட்டுப் போயிருவோம்னாரு." பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நா சும்மா விடல சார். தெனமும் காலைல மொத வண்டி வாரதுக்கு முன்னாடி, செருப்பக் கழட்டிட்டு, ஈரத்துல நின்னு, நானே ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் தொறந்துவிடுவேன்."

நான் எர்த் இணைப்பைத் தேடிக் குனிந்தேன். கிளாம்ப் இருந்த இடத்தில் உப்புப் பொருக்கு மட்டும் இருந்தது. கைவைத்ததும் உதிர்ந்தது. முந்தின நாள் வரை பிடித்துக்கொண்டிருந்த எர்த் அன்று விட்டுவிட்டது. காலையில் அவர் தொட்டபோது ஒன்றுமில்லை. வண்டி வந்து நின்று சார்ஜ் ஓடியபோது கசிவு இருந்தது. அவர் தினமும் வெறுங்காலோடு செய்துகொண்டிருந்த சோதனை ஒன்றையும் காட்டாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் செய்திருக்கிறார். நான் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் நிற்பதை நினைத்துக்கொண்டே பெட்டியை மூடினேன்.

எல்லா இடங்களையும் அன்றைக்கே மூடி முத்திரை வைத்தேன். அதற்குப் பிறகு ஊரில் என்னோடு பேச ஆள் இல்லை. ஆட்டோப் பெண்கள் வீட்டு இணைப்பில் இரவு முழுக்கப் போட்டும் மறுநாள் மதியத்தைத் தாண்ட முடியவில்லை. மாரியம்மாள் என்னை வழியில் நிறுத்தி, "சரி பண்ணத்தான் சார் சொன்னேன், மூடவா சொன்னேன்?" என்றார். கை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை என்று விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். அவர் கேட்டது நியாயம். டீக்கடையில் நான் போனதும் பேச்சு நிற்கும்.

குறிப்பு எழுத உட்கார்ந்தேன். நான் எழுதிய எத்தனையோ குறிப்புகளில் அதுதான் கஷ்டமானது. கடைசியில் எழுதிக்கொண்டு போனேன். ஆணையர் "படிங்க" என்றார்.

"கடற்கரைச் சாலை நிலையத்தில் மின்கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர் செயலிழக்கச் செய்யப்பட்டு, நேரடி இணைப்பு கொடுக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது" என்று வாசித்தேன்.

பென்சில் எழுந்து நின்றது. "யார் கொடுத்தது?"

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். வெறுங்காலோடு தொட்டுப் பார்த்ததையும் சொன்னேன். அவர் பென்சிலை மறுபடி படுக்க வைத்தார். பிறகு சொன்னார்:

"அவர் பேரை மட்டும் எழுதினா, கம்பெனி அவரை வெளிய தள்ளிட்டு, தப்பு அவரோடதுன்னு சொல்லிடும். அவர் பேரை எழுதாம விட்டா, நாளைக்கு அந்தப் பொண்ணு கேட்டா நாம மறைச்சோம்னு ஆகும். மேலாளர் சொன்னார்னு எழுதணும்னா சிக்கந்தரோட வாக்குமூலம் வேணும். அவர் கொடுப்பாரா?"

"தெரியல மேடம்."

"கேளுங்க. வற்புறுத்தாதீங்க. அவர் கொடுத்தாலும் கொடுக்காட்டியும் நோட்டீஸ் நிறுவனத்துக்குத்தான் போகும்."

சிக்கந்தர் பாயின் வீட்டுக்கு நான் அதற்கு முன் போனதில்லை. வாசலில் நாற்காலி போட்டு, அவர் மனைவி உள்ளிருந்தே தண்ணீர் கொடுத்தனுப்பினார். நான் விஷயத்தைச் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் வேலை நிச்சயம் போகும், எழுதிக் கொடுக்காவிட்டாலும் போகலாம், முடிவு உங்களுடையது என்றேன். அவர் கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"செஞ்சது எங்கை. சொன்னது அவக. ரெண்டையும் எழுதுங்க சார், கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றார்.

அங்கேயே எழுதி, படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையை மட்டும் மாற்றச் சொன்னார். 'நிர்ப்பந்தத்தின் பேரில்' என்று நான் எழுதியிருந்தேன். "நிர்ப்பந்தம் வேணாம். சொன்னாக, செஞ்சேன்" என்றார். அப்படியே மாற்றினேன்.

நிறுவனம், நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை, அந்த ஊழியர் தன்னிச்சையாகச் செய்தது என்று பதில் எழுதி, அவரை நீக்கிவிட்டது. ஆணையர் அந்தப் பதிலை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஊழியர் செய்ததும் நிறுவனம் செய்ததும் ஒப்பந்தப்படி ஒன்றுதான் என்று எழுதச் சொன்னார். எல்லா எர்த் குழிகளையும் புதிதாகப் போட்டு, பெட்டிகளை மாற்றித் தரக் கெடு வைத்தார். அவர்கள் செய்யவில்லை. மன்றத்தில் வைத்து ஒப்பந்தத்தை ரத்து செய்தோம். அடுத்த ஒப்பந்தத்தில் ஆணையர் சொல்லி நான் ஒரு விதி சேர்த்தேன்: பாதுகாப்புக்காக நிலையத்தை மூடினால் அந்த நேரத்துக்கு அபராதம் கிடையாது. இளைய நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். உங்கள் மாதிரி ஒப்பந்தத்தில் அந்த விதி இல்லை என்றால் சேர்த்துவிடுங்கள். ஓடினால்தான் பிழைப்பு என்று எழுதிவைத்தால், எப்படியாவது ஓட்டத்தான் செய்வார்கள்.

புதிய நிறுவனம் நல்ல நிறுவனம். பெட்டிகள் உப்புக்குத் தாங்கும் வகை. வந்தவர்களிடம், உள்ளூரில் ஒரு அனுபவசாலி இருக்கிறார் என்று சிக்கந்தர் பாயைப் பற்றிச் சொன்னேன். நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். எங்களுக்கு உள்ளூர்ப் பொறுப்பாளரே தேவையில்லை, எல்லாவற்றையும் சென்னையிலிருந்தே திரையில் பார்த்துக்கொள்வோம், பழுது வந்தால் மதுரையிலிருந்து ஆள் வரும் என்றார்கள். கூட்டாய்வு விதியும் போய்விட்டது. ஒவ்வொரு பெட்டியின் நிலையும் என் கைப்பேசிக்கே வரும். பிரேக்கர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும்.

பழைய கருவிகளைக் கழற்றிய அன்று சாவிகளை ஒப்படைக்க சிக்கந்தர் பாய் வந்தார். நிறுவனத்திலிருந்து யாரும் வராததால் அவரையே அனுப்பியிருந்தார்கள், நீக்கிய பிறகும். வெயில் நன்றாக அடித்தது. சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டேன். எப்போதும்போல இரண்டு கையெழுத்துப் போட்டோம். டீ சாப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"மறுபடி கல்புக்கே சபர் போறேன் சார். அடுத்த வாரம். பழைய கம்பெனிக்காரவக கூப்புட்டாக."

"இந்த வயசுலயா பாய்?"

"வீட்ல சொன்னேன். சரின்னுட்டாக" என்றார். கிளம்பப் போனவர் நின்றார். "நீங்க எழுதுனது சரிதான் சார். வேற மாதிரி எழுதியிருந்தா எனக்கு உங்க மேல மருவாதி போயிருக்கும். ஆனா உங்களப் பாக்கத்தான் கஷ்டமா இருக்கு. அதனாலதான் இந்தப் பக்கம் வரல."

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன்.

அதற்குப் பிறகும் என் சர்வீஸ் கொஞ்ச காலம் மீதம் இருந்தது. வியாழக்கிழமை காலைகளில் பழக்கம் போகாமல் கடற்கரைச் சாலைக்குப் போவேன். பெட்டியில் பச்சை விளக்கு எரியும். திறக்க என்னிடம் சாவி கிடையாது. மாரியம்மாள் சார்ஜ் போட்டுவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். முகம் திருப்பிக்கொள்ளமாட்டார், பேசவும் மாட்டார். டீக்கடைக்காரர் எனக்கு ஒரு டீ மட்டும் போடப் பழகிக்கொண்டார். ஆணையர் மாற்றலாகிப் போனார். புதியவர் கோப்பை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள், நல்லவிதமாகப் பேசினார்கள். மகள் பெங்களூருக்கு வந்துவிடு என்றாள். ராமநாதபுரத்திலேயே சிறிய வீடு பார்த்துக்கொண்டேன்.

போன வாரம் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஏதோ நீளமான எண். நெட் கால். எடுத்தேன்.

"சார், சிக்கந்தர். நல்லா இருக்கீகளா?"

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே கார்கள் நிறுத்தும் இடத்தில் வேலை என்றார். சார்ஜிங் பெட்டிகள்தான், கடலுக்குப் பக்கம்தான் என்றார். பிறகு, ஒரு சந்தேகம் என்றார். பனி இறங்கும் நேரத்தில் ஒரு பெட்டியில் மட்டும் பிரேக்கர் விழுகிறது; கேபிள் நுழையும் வாயை எப்படி அடைப்பது, எர்த் கிளாம்புக்கு எதைத் தடவுவது என்று கேட்டார்.

எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். கடற்கரைச் சாலையில், முதல் வருடம். அவருக்கும் அது நினைவிருக்கும். நான் முதலிலிருந்து ஆரம்பித்து, நிதானமாக, ஒன்றுவிடாமல் விளக்கினேன். அவர் இடையில் குறுக்கிடாமல், "ம்... சரி சார்... ம்..." என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.